வீட்டுமொழியும் ஆட்சிமொழியும்: ஹாங்காங் நகரின் அன்றாட வரலாறு

முன்னுரை

ஹாங்காங் தீவின் வடகரையில் ஆங்கிலேயர் அமைத்த முதல் பெருஞ்சாலைக்கு, அன்று ஆட்சியிலிருந்த விக்டோரியா அரசியின் நினைவாகக் 'குயீன்ஸ் ரோடு' என்று பெயரிட்டனர். அப்பெயரைச் சீனத்தில் எழுதியவர்கள், அரியணையில் அமர்ந்து ஆளும் அரசியைக் குறிக்கும் சொல்லை விடுத்து, பேரரசனின் மனைவியைக் குறிக்கும் சொல்லை எழுதிவிட்டனர். அதே கரையில், நீரூற்றின் பெயரால் அமைந்த 'ஸ்பிரிங் கார்டன் லேன்' என்னும் சந்து சீனப் பெயர்ப்பலகையில் 'இளவேனில் தோட்டத் தெரு' ஆயிற்று. இவ்விரு பெயர்களும் திருத்தப்படாமல் இன்றும் வழங்குகின்றன.

மொழிபெயர்ப்புப் பிழைகளாக மட்டும் இவற்றைக் கருதினால் ஓர் உண்மை நழுவிவிடும். ஆள்வோர் ஒரு மொழியிலும் ஆளப்படுவோர் வேறொரு மொழியிலும் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே தெருவில் நடந்தனர் என்பதற்கு இப்பெயர்கள் சான்றுகள். அவ்விடைவெளியில் ஹாங்காங் மக்கள் தம் அன்றாட வாழ்வை எவ்வாறு நடத்தினர், தம் மொழிக்கு எவ்வாறு இடம் தேடினர், கிடைத்த இடம் எத்தகையது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் தோற்றம்

ஆங்கிலேயர் 1841 சனவரி 26 அன்று ஹாங்காங் தீவைக் கைக்கொண்டனர். 1842-ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. எதிர்க்கரையிலுள்ள கவுலூன் முனை 1860-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு வடக்கே பரந்துள்ள புதிய ஆட்சிப்பகுதிகள் 1898-இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்டன. 1997 சூன் 30 நள்ளிரவோடு நகரம் சீனாவிடம் மீண்டதற்கு இக்குத்தகையின் முடிவே அடிப்படை.

ஆங்கிலேயர் வந்தபோது தீவு ஆளற்றுக் கிடக்கவில்லை. உழவரும், ஹக்கா இனத்துக் கல்தச்சரும், படகையே வீடாகக் கொண்ட மீனவரும் அங்கு வாழ்ந்தனர்; அவர்தம் தொகை சில ஆயிரம். 'நறுமணத் துறைமுகம்' எனப் பொருள்படும் ஊர்ப்பெயர் வடசீனப் பொதுமொழியில் 'சியாங்காங்' என ஒலிக்கும். உலகம் அறிந்த 'ஹாங்காங்' என்னும் வடிவமோ தென்கரை மக்களின் நாவிலிருந்து பிறந்தது. நகரின் பெயரிலேயே உள்ளூர்ப் பேச்சு பதிந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

பின்னர் காண்டன் மாநிலத்திலிருந்து வணிகரும் கூலியாட்களும் திரண்டு வந்தனர். அவர்கள் பேசியது கான்டனீஸ் மொழி. சட்டமும் நீதிமன்றமும் அரசாணையும் ஆங்கிலத்தில் இயங்கின. வேறுபாடு மொழியளவில் நிற்கவில்லை. 1840-களிலிருந்தே இரவில் வெளிவரும் சீனர் விளக்கேந்தி வரவேண்டும் என்றும், பின்னர் அனுமதிச் சீட்டும் வைத்திருக்கவேண்டும் என்றும் விதிகள் இருந்தன. இரவுச் சீட்டுமுறை 1897-இல்தான் ஒழிந்தது. மலையுச்சிப் பகுதியை ஐரோப்பியர் வாழிடமாக ஒதுக்கிய 1904-ஆம் ஆண்டுச் சட்டம் 1946 வரை நீடித்தது.

இடைநின்றோர்

இருமொழிகளுக்கிடையே நிற்போர் செல்வாக்குப் பெறுதல் குடியேற்ற நாடுகளின் பொதுவியல்பு. தொடக்கக்கால ஹாங்காங்கில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்த டேனியல் கால்டுவெல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கான்டனீஸ், மலாய், போர்த்துக்கீசியம், இந்துஸ்தானி ஆகியவை அறிந்த அவர் பதிவாளர் தலைவராகவும் சீனர் காப்பாளராகவும் ஆனார். குடிமக்கள் சொல்வதை அரசு அவர் வாய்வழியே கேட்டது. கடற்கொள்ளையரோடு தொடர்புடைய ஒருவரிடம் அவர் கொண்ட உறவு பெரும் பூசலாகி, 1860-களின் தொடக்கத்தில் அவர் பதவி இழந்தார். ஒருவர் நாவையே நம்பி ஓர் அரசு நடந்தமை அவர்தம் குற்றத்தினும் பெரிய குறை எனலாம்.

மக்கள் தமக்கெனச் சில நிலையங்களை அமைத்துக்கொண்டனர். ஹாலிவுட் சாலையில் 1847-இல் எழுந்த மான் மோ கோயில் கல்வித் தெய்வத்துக்கும் போர்த் தெய்வத்துக்கும் உரியது. வழக்குடையோர் அங்குச் சென்று, மஞ்சள் தாளில் சூளுரை எழுதி எரித்தும், சேவலின் தலையை அரிந்தும் உறுதிமொழி கூறிப் பிணக்குத் தீர்ப்பர். ஆங்கில நீதிமன்றம் சில தெருக்களுக்கு அப்பால் இருந்தும், தம் மொழியில் தம் தெய்வத்தின் முன் சொல்லப்படும் சொல்லையே மக்கள் பெரிதும் நம்பினர்.

துங் வா மருத்துவமனையின் வரலாறும் இத்தகையதே. தைப்பிங்ஷான் பகுதியில், அயலூரில் இறந்தோரின் பெயர்ப்பலகைகளை வைத்து வழிபடுவதற்காக 1851-இல் ஒரு சிறு கோயில் கட்டப்பட்டது. நாளடைவில், சாகும் நிலையிலிருந்த ஏழைகள் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டனர். 1869-இல் இந்நிலை வெளிப்பட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன் விளைவாக, சீன வணிகரின் பொருளுதவியோடு 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டு 1872-இல் திறக்கப்பட்டதே இம்மருத்துவமனை. அங்குச் சீன மருத்துவம் அளிக்கப்பட்டது. அதன் நிர்வாகிகள் பஞ்ச நிவாரணம், பிணக்குத் தீர்ப்பு, ஏழைகளின் நல்லடக்கம் ஆகியவற்றையும் மேற்கொண்டனர். கடல்கடந்து இறந்த சீனரின் எலும்புகள் ஹாங்காங் வழியே சொந்த ஊர் திரும்புவதற்குத் துங் வாவே துணைநின்றது.

1894-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இவ்விடைவெளியின் கொடுமையைக் காட்டிற்று. சுமார் 2,500 பேர் இறந்தனர். அவ்வாண்டு சூனில் அலெக்சாந்தர் யெர்சன் இந்நகரில்தான் நோய்க்கிருமியை அடையாளம் கண்டார். அறிவியலுக்கு இது பெருவெற்றி. தைப்பிங்ஷான் மக்களோ வீடுவீடாகப் படைவீரர் புகுந்து தேடுவதையும், நோயாளிகளைத் துறைமுகத்தில் நின்ற கப்பல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதையும், வீடுகளில் சுண்ணாம்பு பூசுவதையும் கண்டு அஞ்சினர். கதவைத் தட்டியவருக்கும் உள்ளே இருந்தவருக்கும் பெரும்பாலும் பொதுமொழி இல்லை. அச்சம் வதந்தியாயிற்று, பல்லாயிரவர் காண்டனுக்குத் திரும்பினர். நோய் பரவிய குடியிருப்பு இடிக்கப்பட்டது. அந்நிலத்தின் ஒரு பகுதி இன்று பிளேக் பூங்காவாக உள்ளது.

துறைமுகத்தில் இந்தியச் சொற்கள்

ஆங்கிலமும் கான்டனீசும் சந்தித்த துறைமுகத்தில் மூன்றாவதாக ஒரு சொற்றொகுதியும் வழங்கிற்று. அது இந்தியக் கடற்கரைகளிலிருந்து வணிகரோடும் மாலுமியரோடும் சென்றது.

ஹாங்காங்கின் ஊர்தி நிறுத்துமிடங்களில் பணம் செலுத்தும் இடத்துக்கு 'ஷ்ராஃப்' என்று பெயர். காசு மாற்றுவோரையும் பொருள் காப்போரையும் குறித்துத் தமிழில் வழங்கிய 'சராப்பு' என்னும் சொல்லின் உடன்பிறப்பே இது. இரண்டுக்கும் மூலம் அரபுச் சொல். பண்டகசாலை அங்கு 'கோடவுன்' எனப்பட்டது. 1886-இல் தோன்றிய துறைமுக நிறுவனமொன்றின் பெயரிலேயே அச்சொல் இடம்பெற்றது. மலாய் வழியே ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல்லின் மூலத்தைத் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிடங்கி' ஆகியவற்றோடு அகராதியாளர் இணைப்பர். கவுலூனிலுள்ள 'நல்லா ரோடு' வடஇந்திய 'நாலா', அதாவது ஓடை, என்பதை நினைவூட்டுகிறது. காலையுணவாகச் சீனர் உண்ணும் 'ஜுக்' ஆங்கில உணவுப்பட்டியலில் 'காஞ்சி' எனப்படுகிறது. இது நம் 'கஞ்சி'யே.

சொற்களோடு மனிதரும் சென்றனர். இந்திய மாலுமியர் தங்கிய தெரு ஆங்கிலத்தில் 'லாஸ்கர் ரோ' எனவும், கான்டனீசில் இந்தியரைக் குறித்த 'மோ லோ' என்னும் சொல்லால் அமைந்த பெயராலும் வழங்குகிறது. சீக்கியர் காவற்படையில் பணியாற்றினர். பம்பாயிலிருந்து சென்ற பார்சி வணிகர் ஹர்மஸ்ஜி நவ்ரோஜி மோடி, 1911-இல் நிறுவப்பட்ட ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை அளித்தவர். ஆங்கிலமே அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி. இவ்வாறு ஆட்சிமொழியின் வேர் ஊன்றியதில் இந்தியர் பங்கும் உண்டு.

கூரையும் நீரும்

சீனத்தில் 1949-இல் நிகழ்ந்த ஆட்சிமாற்றத்தை ஒட்டி ஏதிலியர் பெருந்தொகையினராய் நகருக்குள் வந்தனர். மலைச்சரிவுகள் பலகையாலும் தகரத்தாலும் ஆன குடிசைகளால் நிறைந்தன. 1953-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் பகுதியில் மூண்ட தீ 50,000-க்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் வீடற்றவராக்கியது.

அரசு அங்கு எழுப்பிய குடியிருப்புகள் மேலிருந்து பார்க்கையில் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் அமைந்த அடுக்குமாடிகள். ஐந்து பெரியவர்க்கு 120 சதுர அடி அறை ஒன்று. இரு கட்டடங்களை இணைத்த நடுப்பகுதியில் பொதுக் கழிப்பறையும் குழாயும் இருந்தன. சமையல் வாயிற்படிக்கு வெளியே தாழ்வாரத்தில் நடந்தது. மொட்டைமாடிகளில் தொண்டு நிறுவனங்கள் பள்ளிகளை நடத்தின. இக்கட்டடங்களுள் ஒன்றான மெய் ஹோ இல்லம் காக்கப்பட்டு 2013-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது.

வீடு பெறவும் உரிமம் பெறவும் வரி செலுத்தவும் படிவம் வேண்டும். படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. யாவ் மா தெய் போன்ற இடங்களில் தெருவோரம் மேசையிட்டு அமர்ந்த கடிதம் எழுதுவோரின் பிழைப்பு இதனால் வளர்ந்தது. ஊரிலுள்ள தாய்க்குச் சீனத்தில் மடலும் அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பமும் ஒரே மேசையில் எழுதப்பட்டன. தன் வாழ்வைப் பற்றித் தானே அறியாத மொழியில் எழுதப்பட்டதன் அடியில் கையொப்பமிடும் நிலை அக்கால ஏழைகளின் பொது அனுபவம் எனலாம்.

1963-இல் கடும் வறட்சி வந்தது. சூன் மாதம் முதல் நான்கு நாட்களுக்கு ஒருமுறை, நான்கு மணிநேரம் மட்டுமே குழாயில் நீர் வந்தது. கீழ்த்தளத்தில் குழாய் திறந்திருந்தால் மேல்தளத்துக்கு நீர் ஏறாது. 'கீழ்வீட்டாரே, குழாயை மூடுங்கள்' என்று மாடியிலிருந்து கூவிய குரல் அக்காலத்தின் அடையாளத் தொடராகவே நிலைத்துவிட்டது. 1965 முதல் சீனாவின் துங்ஜியாங் ஆற்றுநீர் குழாய்வழி வரத்தொடங்கிய பின்னரே நகரின் நீர்நிலை சீர்பட்டது. வாளிகள் வரிசையில் நின்ற தலைமுறையே தம்மை ஏதிலியர் என எண்ணுவதை விடுத்து ஊரார் என எண்ணத் தொடங்கிய தலைமுறை என்பது கருதத்தக்கது.

1974: சட்டம் மாறிய ஆண்டு

1966-இல் ஸ்டார் படகின் முதல்வகுப்புக் கட்டணம் ஐந்து காசு உயர்ந்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி கலவரமாயிற்று. மறு ஆண்டில், சீனத்தின் பண்பாட்டுப் புரட்சியின் தாக்கத்தால் இன்னும் பெரிய கலவரம் மூண்டு 51 பேர் உயிரிழந்தனர். மக்கள் எண்ணுவதை அறியும் வழி தன்னிடம் இல்லை என்பதை அரசு உணர்ந்தது. 1968-இல் வட்டாரந்தோறும் மக்களைச் சந்திக்கும் அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர்.

இச்சூழலில் 1970-ஐ ஒட்டி மாணவர்களும் ஆசிரியர்களும் சீனத்தை ஆட்சிமொழியாக்கக் கோரி இயக்கம் நடத்தினர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கு ஆட்சியில் இடமில்லை என்பது அவர்களது வாதம். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 1974 பிப்ரவரியில் ஆட்சிமொழிகள் சட்டம் நிறைவேறிற்று. அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான தொடர்பில் சீனம் ஆங்கிலத்தோடு ஒத்த தகுதி பெற்றது. ஆங்கிலேயர் வந்த 133-ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது.

எனினும் சட்டங்கள் ஆங்கிலத்திலேயே இயற்றப்பட்டன. இருமொழிச் சட்டமியற்றலுக்கு 1987-இல் வழிவகுக்கப்பட்டு, முதல் இருமொழிச் சட்டம் 1989-இல் வந்தது. உயர்நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கொன்று முதன்முறையாகக் கான்டனீசில் விசாரிக்கப்பட்டது 1995 திசம்பரில். அதுவரையுள்ள சட்டங்கள் அனைத்தும் 1997-க்குள் சீனத்தில் பெயர்க்கப்பட்டன. இங்கும் பழைய இடர்ப்பாடு தலைகாட்டியது. இங்கிலாந்தில் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டத்தைக் குறித்த தொடர், சீனத்தில் 'சாதாரணச் சட்டம்' என்னும் பொருள் தோன்றுமாறு நிலைபெற்றது.

திரையும் தேநீர்க்கடையும்

சட்டத்தில் நிகழ்ந்த மாற்றத்துக்கு இணையான மாற்றம் மக்கள் கலையிலும் நிகழ்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் திரைப்படங்கள் வடசீனப் பொதுமொழியில் வெளிவந்தன. கான்டனீஸ் பேசி வளர்ந்த புரூஸ் லீயின் 1971-ஆம் ஆண்டுப் படமே பொதுமொழியில்தான் திரையிடப்பட்டது. 1972-இல் கான்டனீஸ் படம் எடுப்பது அறவே நின்றுபோயிற்று. 1973-இல் சோர் யூன் இயக்கிய 'எழுபத்திரண்டு குடித்தனக்காரர் வீடு' கான்டனீசில் வெளிவந்து அவ்வாண்டின் வசூலில் முதலிடம் பெற்றது. குடித்தனக்காரரைக் கொடுமைப்படுத்தும் வீட்டுக்காரி, குழாய்நீர், கையூட்டு என அது காட்டியவை யாவும் பார்வையாளர் நேரில் அறிந்தவை. மறு ஆண்டு, ஆட்சிமொழிகள் சட்டம் வந்த அதே 1974-இல், சாம் ஹுய் நாட்பேச்சுக் கான்டனீசில் பாடிய திரைப்பாடல்கள் நகரெங்கும் ஒலித்தன. 1967-இல் தொடங்கிய இலவசத் தொலைக்காட்சி நிலையம் அம்மொழியை ஒவ்வோர் அறைக்குள்ளும் கொண்டுசென்றது.

பேச்சுமொழி ஆங்கிலத்தைத் தன் இயல்புக்கேற்ப வளைத்துக்கொண்டமைக்கு 'சா சான் தெங்' எனப்படும் மலிவுவிலைத் தேநீர்க்கடைகள் நல்ல சான்று. அங்கு 'தோசி' என்பது வாட்டிய ரொட்டி. 'டோஸ்ட்' என்பதன் திரிபு. கடை 'சிதோ', பேருந்து 'பாசி', வாடகைக்கார் 'திக்சி'. பால்தேநீரும் இவ்வாறே உருமாறியது. இலங்கைத் தேயிலைக் கலவையைத் துணிப்பையில் இட்டுப் பலமுறை வடித்து, ஆவியேற்றிச் செறிவாக்கிய டப்பாப்பால் கலந்து தருவர். வடித்து நிறமேறிய பை காலுறை போல் தோன்றுவதால் 'பட்டுக் காலுறைத் தேநீர்' என்று பெயர். ஆள்வோரின் பானம் தொழிலாளியின் பானமாயிற்று. இதனைத் தயாரிக்கும் முறை 2017-இல் நகரின் பண்பாட்டு மரபுச் சிறப்புப்பட்டியலில் இடம்பெற்றது.

பெயரில்லாத மொழி

1997-க்குப் பின் நடைமுறைக்கு வந்த அடிப்படைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, சீனத்தோடு ஆங்கிலமும் ஆட்சிமொழியாகப் பயன்படலாம் என்கிறது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே இதிலும் 'சீனம்' என்ற சொல் மட்டுமே உண்டு. எந்தப் பேச்சுவடிவம் என்று கூறப்படவில்லை.

இரட்டை வழக்கு அறிந்த தமிழருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஹாங்காங் மாணவர் எழுதும் சீனம் வடபுலப் பொதுமொழியின் இலக்கணத்தைத் தழுவியது. அதனை அவர்கள் கான்டனீஸ் ஒலியில் படிக்கின்றனர். வீட்டில் பேசுவதை அப்படியே எழுதினால் அது பாடமாகக் கொள்ளப்படுவதில்லை. எனவே ஏட்டில் உள்ள 'சீனம்' கான்டனீசையும் குறிக்கலாம், குறிக்காமலும் போகலாம். 2014-இன் தொடக்கத்தில் அரசின் கல்வித்துறை இணையதளக் கட்டுரையொன்று கான்டனீஸ் ஆட்சிமொழியன்று எனக் குறிப்பிட்டது. எதிர்ப்பு எழவே அதனை நீக்கி வருத்தம் தெரிவித்தது. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒலிக்கும் மொழிக்குச் சட்டத்தில் பெயரில்லை என்பது அன்று பலருக்கும் தெரியவந்தது.

பள்ளிகளின் நிலையும் சிந்திக்கத்தக்கது. 1998-இல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் தாய்மொழிவழிக் கல்விக்கு மாறின. 114 பள்ளிகள் மட்டும் ஆங்கிலவழியில் தொடர இசைவு பெற்றன. தாய்மொழியில் பயில்வது நன்று என ஒப்புக்கொண்ட பெற்றோரும் தம் பிள்ளைக்கு அந்த 114-இல் இடம் தேடினர். 2010 முதல் இவ்விதி தளர்த்தப்பட்டது. வேலையும் மதிப்பும் வேறொரு மொழியில் இருக்கும்வரை சட்டத்தால் மட்டும் தாய்மொழி பள்ளியில் நிலைபெறாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மறுபுறம், சீனப்பாடத்தைப் பொதுமொழி ஒலியில் கற்பிக்கும் பள்ளிகளும் தோன்றியுள்ளன.

முடிவுரை

2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் சுமார் 88 விழுக்காட்டினரின் வழக்கமான பேச்சுமொழி கான்டனீஸ். ஓர் ஆட்சிமொழியின் நீண்ட நிழலில் வாழ்ந்தும், ஏட்டில் பெயர் பெறாமலும், அம்மொழி இத்தகைய வலிமையோடு நிற்பதற்குச் சட்டம் காரணமன்று. மான் மோ கோயிலின் சூளுரையும், கடிதம் எழுதுவோரின் மேசையும், மாடியிலிருந்து கூவிய குரலும், திரையரங்கின் சிரிப்பும், தேநீர்க்கடையின் அழைப்புமே அதனைக் காத்தன.

எனினும் அன்றாட வழக்கு மட்டுமே ஒரு மொழியை என்றும் காக்கும் எனத் துணிதல் அரிது. குழந்தை எம்மொழியில் படிக்கிறது என்பதே அடுத்த தலைமுறையின் வழக்கை முடிவு செய்யும். 1974-இல் தம் மொழிக்காகக் குரல் கொடுத்து வென்ற ஹாங்காங் மக்கள், வென்ற சட்டத்தில் அம்மொழியின் பெயர் எழுதப்படவில்லை என்பதை நாற்பது ஆண்டுகள் கழித்தே உணர்ந்தனர். ஆட்சிமொழிச் சட்டங்களை ஆராய்வோர், அவற்றில் எழுதப்பட்டவற்றோடு எழுதாது விடப்பட்டவற்றையும் நோக்குதல் வேண்டும் என்பதே இந்நகரின் வரலாறு தரும் பாடமாகும்.